நூல் சொல்லும் தூரம், காற்று சொல்லும் நேரம்

ஓர் உலக உருண்டையும் ஒரு முழம் நூலும் போதும். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து விறைப்பாக இழுங்கள். கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. சீனா, சைபீரியா என்று நேரே வடக்கே ஏறி, வடதுருவத்தை உரசி, கனடா வழியாக இறங்கும்.

இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 178 பாகை வித்தியாசம். அதாவது உலகின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் தூரக் கணக்கு சுலபம். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை ஏற்றம், அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை இறக்கம், மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. வீதம் 15,300 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். வழியில் எங்கும் இறங்காமல் பயணிகள் விமானம் கடக்கும் மிக நீண்ட தூரங்களில் இது ஒன்று.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரத்தில் போய்விடலாமே? ஆனால் கால அட்டவணை 18 மணி நேரத்துக்கும் மேல் என்கிறது. அந்த 900 கி.மீ. காற்றுக்குள் விமானத்தின் வேகம். காற்றே ஓடினால் கணக்கு மாறிவிடும். தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. 150 கி.மீ. வேகக் காற்று முதுகில் தள்ளினால் தரைக்கணக்கில் வேகம் 1,050. முகத்தில் அடித்தால் 750.

ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி, 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார். ஆனால் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. 1944இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திணறின.

இன்றோ அதைத் தேடிப் போகிறார்கள். நியூயார்க் போகும் விமானம் பல நாள்களில் நூல் காட்டிய வழியை விட்டுவிட்டு, ஜப்பான் பக்கம் ஒதுங்கி, பசிபிக் மேல் காற்றோடு போகும். தூரம் கூடும், நேரம் குறையும். அன்றன்றைய காற்றைப் பார்த்து அன்றன்றைக்கு வழி வகுக்கிறார்கள்.

இவ்வளவு நீண்ட பயணத்துக்கென்றே ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி மாற்றம் செய்தார்கள். டாங்கி நிரம்பினால் 130 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையான 280 டன்னில் இது ஏறத்தாழப் பாதி. எடையைக் குறைக்க 161 இருக்கைகள்தான். எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டுமே!

நியூயார்க்கின் கோடையில் இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையே சரியாக 12 மணி நேரம். நள்ளிரவில் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி பதினெட்டரை மணி நேரம் பறந்து இறங்கினால், நியூயார்க்கில் அதே தேதி, காலை ஆறரை. கடிகாரத்தைக் கேட்டால் ஆறரை மணி நேரப் பயணம் என்னும். மரத்துப்போன கால்களைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.