பார்த்தவர் யார்?

காலாட்படை யூனிட் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். வீரப் பதக்கத்துக்கான சைட்டேஷன் எங்கள் மேசையில்தான் டைப் ஆகும். எந்த இடம், என்ன நேரம், எதிரி எத்தனை பேர், இவர் என்ன செய்தார் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால், முடிவில் ஒரு கேள்வி நிற்கும்: பார்த்தவர் யார்? உயிரோடு இருப்பவரென்றால் அவரையே கூப்பிட்டு விசாரிக்கலாம். இறந்தவருக்காக இன்னொருவர்தான் பேச வேண்டும். அந்தக் காகிதம் பிரிகேட், டிவிஷன் என்று படிப்படியாக ஏறி தில்லிக்குப் போகும்.

அப்படிப்பட்ட பதக்கங்களில் மிக உயர்ந்ததான பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதில் 14 பேர் மறைவுக்குப் பின் பெற்றவர்கள். முதலாமவர் மேஜர் சோம்நாத் சர்மா. 1947 நவம்பர் 3, காஷ்மீரில் பட்காம். இடது கை மாவுக்கட்டில் இருக்க, தன் ஆட்களுக்கு மேகசினில் தோட்டா நிரப்பிக் கொடுத்தபடியே ஓடியிருக்கிறார். மோர்ட்டார் குண்டு விழுந்து அங்கேயே உயிர் போனது. அவரோடு நின்றவர்கள் சொல்லித்தான் நாடு இதை அறிந்தது.

போர்க்களத்தில் செய்தி தப்பாகவும் வரும். 1962 சீனப் போரில் பாங்காங் ஏரிக்கரை சிரிஜாப் காவல் நிலையில் போரிட்ட மேஜர் தன் சிங் தாபா இறந்துவிட்டார் என்றே எல்லாரும் நம்பினார்கள். விருதும் அப்படியே அறிவிக்கப்பட்டது. அவரோ சீனர்களிடம் கைதியாக இருந்தார். அடுத்த ஆண்டு உயிரோடு திரும்பினார். கார்கில் போரில் டைகர் ஹில்லில் குண்டுகள் துளைத்த 19 வயது யோகேந்திர சிங் யாதவுக்கும் முதலில் மறைவுக்குப் பிந்தைய விருது என்றுதான் அறிவித்தார்கள். அவர் மருத்துவமனையில் பிழைத்துக் கிடந்தார். இப்படிப்பட்ட தவறு இன்னும் நூறு நடந்தாலும் எனக்குச் சந்தோஷமே.

என்னால் மறக்க முடியாதது ரெசாங் லா. 1962 நவம்பர் 18. லடாக்கில் 16,000 அடிக்கும் மேலே, 13 குமாவோன் படைப்பிரிவின் சார்லி கம்பெனி, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் சுமார் 120 பேர். குறுக்கே மலை நின்றதால் நம் பீரங்கிகளின் உதவி கிடைக்கவில்லை. 110 பேருக்கு மேல் மாண்டார்கள். பிழைத்து வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. கண்ணெதிரே கூட்டாளிகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவனின் வாக்குமூலத்தைச் சந்தேகிப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

1963 தொடக்கத்தில் மேய்ச்சலுக்குப் போன ஒருவர் அந்தப் பக்கம் போனார். பனியில் உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளில் அப்படியே இருந்தன. பலர் கையில் துப்பாக்கி. மருத்துவ உதவியாளர் கையில் ஊசி. பிழைத்தவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரிந்தது. ஷைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா.

எதிரியே சாட்சி சொன்னதும் உண்டு. டைகர் ஹில் சண்டையில் பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது பதவியல்ல, பெயர்) போரிட்ட விதத்தைக் கண்டு மதித்த நம் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, அவரது வீரத்தை எழுதி உடலோடு அனுப்பிவைத்தார். பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரை ஷேர் கானுக்கு அளித்தது. பாஜ்வா அந்தச் சீட்டை எழுதாமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எழுதினாரே, அதற்காகவே அவரை வணங்குகிறேன்.

பார்த்தவர்களும் சேர்ந்தே மாண்டுபோன நிலைகளும் இருக்கத்தானே செய்யும்? அவர்களுக்குச் சைட்டேஷன் கிடையாது. தில்லி தேசியப் போர் நினைவகத்தில் 21 பேரின் மார்பளவுச் சிலைகள் உள்ள பகுதியில் எப்போதும் கூட்டம் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் அங்கேயே உள்ள தியாக சக்கரத்தின் சுவர்கள் பக்கமும் போங்கள். உயிர்நீத்த வீரர்களின் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. ஒரு பத்துப் பெயரையாவது பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.