இடுப்பைப் பிணைக்கும் நார்கள்

சுங்கை பூலோ என்னும் மலாய்ப் பெயருக்கு மூங்கில் ஆறு என்பது பொருள். மூங்கிலால் பந்தல் போடுபவர் கழிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார். இல்லையேல் பந்தல் சரியும். மனித இடுப்பிலும் அத்தகைய கட்டுகள் உள்ளன. எலும்பை எலும்போடு பிணைக்கும் இவற்றைப் பிணைநார்கள் என்பர். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் வேறு.

முதுகெலும்பின் அடியில், இரு இடுப்பெலும்புகளுக்கு இடையே ஆப்புப் போலச் செருகியிருப்பது திருவெலும்பு. ஒருவர் நிற்கும்போது தலை, கைகள், உடற்பகுதி ஆகியவற்றின் எடை இதன் மேல்முனையில் இறங்குகிறது. அதனால் மேல்முனை முன்பக்கம் சாயவும் கீழ்முனை பின்பக்கம் எழும்பவும் முயலும். அதைத் தடுத்து இழுத்துப் பிடிப்பவற்றுள் முக்கியமானவை, பிட்டப் பகுதியில் பக்கத்திற்கு இரண்டாக அமைந்துள்ள பிணைநார்கள். நீளமானது திருவெலும்பிலிருந்து இறங்கி, உட்காரும்போது நாற்காலியில் அழுந்தும் எலும்பு முண்டில் முடிகிறது. குட்டையானது அதற்கு முன்னால், சற்று ஆழத்தில், முக்கோண வடிவில் உள்ளது. அதன் முனை இடுப்பெலும்பின் முள் போன்ற நீட்சியைப் பற்றியிருக்கிறது. மகப்பேற்றுக் காலத்தில் இயக்குநீர்களின் விளைவால் இடுப்பின் பிணைநார்கள் ஓரளவு தளர்கின்றன.

இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இடுப்பெலும்பின் பின்விளிம்பில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. பிணைநார்கள் குறுக்கே செல்வதால் அவை இரண்டு வாசல்களாக மாறுகின்றன. உடலிலேயே மிகப் பருமனான சயாட்டிக் நரம்பு மேல்வாசல் வழியாக வெளிவந்து, பிட்டத்தின் கீழ்ப்பகுதியைக் கடந்து காலுக்குச் செல்கிறது. தொடங்கும் இடத்தில் அது ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலம் கொண்டது.

இந்த வாசல் எங்கே உள்ளது என்பதை அறியாமல் பிட்டத்தில் ஊசி போடுவது ஆபத்தானது. 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. டாப்சோன் மருந்து வருவதற்கு முந்திய அக்காலத்தில், தொழுநோய்க்குச் சௌல்மூக்ரா எண்ணெயை ஊசி மூலம் செலுத்துவதே உலகெங்கும் வழக்கமாக இருந்தது. தமிழ் மருத்துவம் அறிந்த நீரடிமுத்தும் அதே மர இனத்தைச் சேர்ந்ததே. எண்ணெய் மருந்தை ஏற்கப் பெரிய தசை வேண்டும். பிட்டத் தசை அவ்வாறானது. ஆனால், நோயே நரம்புகளை அரிக்கும்போது ஊசியும் நரம்பைக் குத்தினால் என்னாகும்? பாதத்தைத் தூக்க முடியாமல் நோயாளி காலை இழுத்து நடக்க நேரிடும்.

அக்குடியிருப்பின் அருகே இன்று மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் உள்ளது. பிட்டத்தை மனத்தில் நான்காகப் பிரித்து, அதன் மேல் வெளிப்புறக் காற்பகுதியில் ஊசி போடுவது மருத்துவக் கல்வியில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் முறை. அந்த இடம் சயாட்டிக் நரம்பின் பாதையிலிருந்து விலகியிருக்கிறது.