விம்பிள்டனில் ஒரு தமிழ் இளைஞர்

1954-ஆம் ஆண்டு, புல்தரை டென்னிஸின் தலைமைப் பீடமென்று உலகம் போற்றிவந்த விம்பிள்டனில், தந்தை டி. கே. ராமநாதனிடமே பாலபாடம் பயின்ற பதினேழு வயது ராமநாதன் கிருஷ்ணன், ஆஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பரை இறுதி ஆட்டத்தில் வென்று, சிறுவர் ஒற்றையர் பட்டத்தை ஆசியக் கண்டத்துக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்தார்.

சர்வீஸில் அசுர வேகம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால், பந்து தரையைத் தொட்டு எழும் கணத்திலேயே அதை மென்மையாக ஏந்தி, எதிராளி எட்டமுடியாத மூலைக்கு அனுப்பும் சாதுரியம் இருந்தது. பலத்தைவிட இதுவே அபூர்வமான வித்தை என்பது என் அபிப்பிராயம்.

சிறுவர் பட்டம் பெற்றோர் பலர் பிற்பாடு பெயர் தெரியாமல் மறைந்ததுண்டு. கிருஷ்ணனோ 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதே விம்பிள்டனில் அரையிறுதியை எட்டினார்; இரண்டாம் முறை கால் இறுதியில் அவரிடம் தோற்றவர் ராய் எமர்சன்; அரையிறுதியில் அவரை வென்ற ராட் லேவரே அவ்வாண்டுப் பட்டத்தையும் கொண்டுபோனார்.