வாடகை மென்பொருளும் நம் வீட்டுப் படங்களும்

பிறர் உடைமையில் குடியிருப்பதன் இயல்பை மாட்டுப்பட்டித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வேலை உள்ளவரை லயத்து வீடு உண்டு. ஓய்வு பெற்றபின் அது நமதன்று. நிழற்படங்களைத் திருத்தும் மென்பொருளும் இன்று அவ்வாறே ஆகிவிட்டது.

1990இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் பல்லாண்டு பயன்படுத்தலாம் என்றிருந்த காலம் ஒன்றுண்டு. 2013இல் அடோபி நிறுவனம், இனிப் புதிய பதிப்புகள் சந்தா செலுத்துவோர்க்கே என அறிவித்தது. அன்று முதல் சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். மழைக்காலத்தில் மூணாற்றுக்குச் சுற்றுலா வருவோர் குறைவர். அணைக்கட்டருகே படம் பிடித்துப் பிழைக்கும் இளைஞரின் வருவாயும் குறையும். சந்தா மட்டும் குறைவதில்லை.

ஆயின் வேறு வழி இல்லையோ எனின், உண்டு. முதற்கண் நம் தேவை யாது என வரையறுத்துக்கொள்ளல் வேண்டும்.

ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரின் ஈரக் காற்றில், மூத்தோர் படங்களிற் பல கறை படிந்து கிடக்கின்றன. அவற்றைச் செப்பஞ்செய்யக் கிம்ப் என்னும் இலவச மென்பொருளே போதும். அமெரிக்காவின் பெர்க்கிலியில் பயின்ற மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய இப்பணியைப் பல நாட்டுத் தன்னார்வலர் வளர்த்து வருகின்றனர். 2025இல் இதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. பழம்படத்தை ஸ்கேனரில் 600 புள்ளி அளவில் நகலெடுத்து, ஹீல், குளோன் என்னும் கருவிகளால் கறையையும் கீறலையும் நீக்கலாம். லெவல்ஸ் கொண்டு மங்கிய முகத்தைத் தெளிவாக்கலாம்.

கேமரா தரும் ரா கோப்புகளைப் பதப்படுத்த டார்க்டேபிள் உண்டு, அதுவும் இலவசமே. அச்சகத்தார் கேட்கும் நால்வண்ண முறைக்குக் கிரிட்டா உதவும். எதையும் நிறுவ விரும்பாதோர் இணைய உலாவியிலேயே போட்டோபீயைத் திறந்து, போட்டோஷாப் கோப்புகளைத் திருத்தலாம். அஃபினிட்டி மென்பொருளையும் 2025 அக்டோபர் முதல் கேன்வா நிறுவனம் இலவசமாக்கியுள்ளது. எனினும் ஒரு நிறுவனம் இன்று இலவசமாகத் தருவது நாளையும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிம்ப், டார்க்டேபிள், கிரிட்டா ஆகியவற்றின் மூலநிரல் பொதுவுடைமை. ஒருமுறை நிறுவிய பதிப்பை எவரும் பறித்தல் இயலாது.

புதிய கருவி கைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும் என்பதை மறைத்தற்கில்லை. அதற்கு அஞ்சித் திருட்டு நகலை நாடுவோர், அதனோடு நச்சுநிரலையும் வீட்டிற்குள் அழைத்துக்கொள்ளக்கூடும்.

ஏற்கெனவே சந்தா செலுத்தி வருவோர்க்கு ஒரு சொல்: சந்தாவை நிறுத்துமுன் முடிந்த படங்களையெல்லாம் டிஃப் அல்லது ஜேபெக் வடிவில் சேமித்து, இரண்டு இடங்களில் வையுங்கள். அவ்விரண்டையும் எந்த மென்பொருளும் திறக்கும்.

லயத்து வீட்டை ஒருநாள் விட்டுச் செல்ல நேரிடலாம். அதன் சுவரில் தொங்கிய பாட்டியின் படமேனும் எந்நாளும் நம்முடையதாக இருக்கட்டும்.