வெள்ளியங்கிரி ஏழு மலை: மூச்சு வாங்குவது ஏன்... யாரெல்லாம் ஏறக் கூடாது?

வெள்ளிக்கிழமை லேப்டாப்பை மூடிவிட்டு பஸ் பிடித்தால், சனி இரவு மலையேற்றம், ஞாயிறு காலை சூரிய உதயம், திங்கள் ஆபீஸ். கோவை வெள்ளியங்கிரி பயணம் இப்போது பலருக்கும் இப்படி ஒரு ‘வீக்-எண்ட் பிளான்’ ஆகிவிட்டது. பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதி என்பதால், மொத்தக் கூட்டமும் அந்த 4 மாதங்களில் குவிகிறது. ‘போய்ப் பாத்துக்கலாம்’ என்று ஏறுகிற மலை அல்ல இது என்பது, 2024 மார்ச்சில் அடுத்தடுத்து 3 பக்தர்கள் உயிரிழந்தபோதுதான் பலருக்கு உறைத்தது.

மலை மேலே என்ன இருக்கிறது?

அடிவாரம் பூண்டி. அங்கிருந்து போளுவாம்பட்டி வனச்சரகக் காட்டுக்குள் பாதை தொடங்குகிறது. வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என ஒவ்வொன்றாகத் தாண்டி 7-வது மலைக்குப் போனால், பெரிய பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். கோபுரமோ மண்டபமோ கிடையாது. ‘தென்கயிலை’ என்று பக்தர்கள் கொண்டாடுவது இதைத்தான்.

அவ்வளவு கஷ்டமா?

ஒரு வழிப் பாதை சுமார் 6 கி.மீ. கேட்டால் கம்மியாகத் தெரியும். ஆனால் உச்சி சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் இருந்து பார்த்தால் 1 கி.மீ.க்கு மேல் செங்குத்து உயரம் ஏற வேண்டும். ஒரு மாடி 10 அடி என்று வைத்துக்கொண்டால், 300 மாடிக்கு மேல் படியேறுவதற்குச் சமம். பழனியின் 693 படிகளை ஏறிய தைரியத்தில் வருபவர்கள், முதல் மலையிலேயே உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

‘மேல ஆக்ஸிஜன் கம்மி’ என்பது உண்மையா?

பாதி உண்மை. 6,000 அடியில் கடல் மட்டத்தை விட ஆக்ஸிஜன் சுமார் 20% குறைவு. ஆனால், ஊட்டி இதைவிட உயரம். அங்கே யாரும் மூச்சு முட்டி விழுவதில்லை. வெள்ளியங்கிரியில் பிரச்சினை, வாரம் முழுக்க நாற்காலியில் இருந்த உடம்பை திடீரென்று பல மணி நேரம் ஏறவைப்பது. தூக்கமில்லாத பஸ் பயணம், வயிறு முட்டச் சாப்பாடு, குறைவான தண்ணீர், வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியின் குளிர்காற்று எல்லாம் சேரும்போது, ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயம் தாங்காது. அந்த அடைப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

யார் ஏறக் கூடாது?

இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்பாட்டில் இல்லாத பிபி, சர்க்கரை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. 40 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

ஏறுபவர்கள் செய்ய வேண்டியது

* ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் படியேறிப் பழகுங்கள்.
* முந்தைய இரவு நன்றாகத் தூங்குங்கள்.
* ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும். பேச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம்.
* மாற்றுச் சட்டை, ஸ்வெட்டர், டார்ச், மூங்கில் தடி கட்டாயம். இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது அந்தத் தடிதான்.
* யானை நடமாடும் காடு. கூட்டமாகவே போங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள்.
* பிளாஸ்டிக் கவர்களை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சிரைப்பு... இதில் ஒன்று வந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். ‘கேஸ் டிரபிள்தான்’ என்று சோடா தேடக் கூடாது. உடனே மற்றவர்களிடம் சொல்லி உதவி கேளுங்கள். மேலே வண்டி வராது. டோலியில் தூக்கித்தான் இறக்க வேண்டும். நாலாவது மலையில் தெரிந்த வலியோடு ஆறாவது மலை வரை போனால், ஆம்புலன்ஸுக்கான தூரமும் அவ்வளவு கூடுகிறது.

கூட வந்தவர்கள் ‘இன்னும் கொஞ்சம்தான், வாடா’ என்று இழுப்பதுதான் பல நேரம் ஆபத்தாகிறது. திரும்புபவரைத் தனியாக அனுப்பாமல் ஒருவர் கூட இறங்கினால் போதும். ஏற முடியாதவர்களுக்கும் தரிசனம் உண்டு: பூண்டி அடிவாரத்திலேயே வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில் இருக்கிறது.