கதவருகே நிற்கும் சிறுமி

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் மாசெர் என்றொரு சிற்றூர். அங்கே 16-ஆம் நூற்றாண்டில், பார்பரோ சகோதரர்கள் இருவருக்காகப் பல்லாடியோ என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய மாளிகை இன்றும் தனியாருக்குச் சொந்தமான குடும்ப வீடுதான். பார்வையாளர்கள் சில அறைகளை மட்டும் பார்க்கலாம். பழைய தரை தேயாமலிருக்க, காலணிக்கு மேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

உள்ளே ஓவியர் வெரோனேசேயின் கைவண்ணம். கதவைப் பாதி திறந்து ஒரு சிறுமி எட்டிப் பார்க்கிறாள். மேல்மாடத்தில் வீட்டுத் தலைவியும் வயதான செவிலியும் நிற்கிறார்கள். அந்தக் கதவு, மாடம், மனிதர்கள் எல்லாமே சுவரில் தீட்டிய ஓவியம்! அருகில் போனால்தான் நம்ப முடியும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது தண்ணீர் ஏற்பாடு. வீட்டின் பின்னால் மலையடி ஊற்று நீர் குளத்தில் தேங்கியது; அதில் மீன் வளர்த்தார்கள். பிறகு அந்த நீர் சமையலறைக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் பாய்ந்தது. இதைப் பல்லாடியோவே 1570-இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்திருக்கிறார்.

1996-இல் இந்த வீடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றியுள்ள தோட்டத்தில் இன்றும் திராட்சை விளைகிறது.