மதகு திறந்தும் வடியாத ஏரி

2022 மே மாதம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தூண்டில் பருவம் தொடங்கியிருந்தது. கனடா எல்லையிலுள்ள ரெய்னி ஏரியிலோ படகுத்துறை எங்கே என்று தேட வேண்டிய நிலை. மரமேடைகள் மிதந்து போய்விடாமலிருக்க, தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களை அவற்றின்மேல் ஏற்றி வைத்தார்கள்!

ஏன் இப்படி? அந்த ஆண்டு பனி தாமதமாக உருகியது. கூடவே அடைமழையும் சேர்ந்துகொண்டது. ஈரம் குடித்து நிறைந்த மண் மேற்கொண்டு உறிஞ்சவில்லை. ஜூனில் ஏரி, 1950-இன் உச்ச மட்டத்தையும் தாண்டியது.

‘ஏரியின் அணையைத் திறந்துவிட வேண்டியதுதானே?’ நியாயமான கேள்வி. மதகுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆனால் நீர் அணையை எட்டும் முன்பே, ரேனியர் என்ற ஊரருகே, ஏரியின் வாய் குறுகிவிடுகிறது. குடத்தை எப்படிக் கவிழ்த்தாலும் கழுத்து விடுகிற அளவுதானே நீர் வரும்? வெள்ளம் வந்தது வேகமாக, வடிந்தது மெதுவாக.

மீன்களுக்கு இது கொண்டாட்டம். வசந்தத்தில் மூழ்கிய புல்வெளியில்தான் பைக் மீன் முட்டையிடும். குஞ்சுகளுக்கு அங்கே இரையும் உண்டு, ஒளிவிடமும் உண்டு. தூண்டில்காரருக்குத்தான் திண்டாட்டம்: வழக்கமான இடத்தில் மீன் இருக்காது, மூழ்கிய புதர்களுக்குள் சிதறிக் கிடக்கும். கலங்கல் நீரில் மிதந்துவரும் மரக்கட்டை, படகின் விசிறியை உடைத்துவிடும். வேகமாகப் போனால் எழும் அலை கரையை அரிக்கும்.

அதனால் இப்படிப்பட்ட வெள்ளக் காலத்தில், மீன்பிடிப் பயணத்துக்கு முன் விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி மீனைப் பற்றியதல்ல. படகை இறக்கும் சரிவு வெளியே தெரிகிறதா என்பதுதான்.